கதவுக்கு வெளியே உட்கார்ந்தவளுக்கு மதிப்பூதியம்

ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான், மாத்திரை டப்பா, டியூஷன் கரும்பலகை மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலத்தைத்தான் படத்தோடு பார்த்துவிட்டேனே.

நேற்று மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் வழக்கம்போலத் தாமதம். காத்திருக்கும் அறையில் பழைய பத்திரிகைகளுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சிக் குழுவின் செய்திமடல் கிடந்தது. வலிப்பு நோய் பற்றிய ஆராய்ச்சி என்று போட்டிருந்ததால் எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நீ. கழுத்தில் அட்டை தொங்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. உன் பெண் பிறந்தபோதுகூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவள் என்று சொல்ல வாய் வரவில்லை. முகஜாடை அப்படி இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

படத்துக்குக் கீழே உன் வாக்குமூலம். அக்காவுக்கு வலிப்பு வரும் என்பதால் அவள் குளிக்கும்போது கதவைத் தாழ்போடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. தங்கை கதவுக்கு வெளியே மணை போட்டு உட்கார்ந்திருப்பாள். நிமிடத்துக்கொரு தரம் "அக்கா" என்பாள். உள்ளேயிருந்து "உம்" என்று குரல் வரவேண்டும். வராவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும். குழுவின் கூட்டத்தில் நீ இதைச் சொன்னபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்களாம். துடைக்கமாட்டார்களா பின்னே.

ஆனால் அடியே, அது என் குளியலறை. அந்த "உம்" என்னுடையது. வலிப்பும் என்னுடையது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உனக்கு ஒரு நாளும் வராமலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது.

கடைசி வரியைப் படித்தபோதுதான் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பங்களிப்பாளர்களுக்குக் கூட்டந்தோறும் சிறு மதிப்பூதியம் வழங்கப்படுகிறதாம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எரிந்த வீட்டுக்காரி நான் என்று உன் குழுவுக்காவது தெரியுமா?

போனில் கேட்டிருக்கலாம். போனில் என்றால் நீ முதலில் அழுதுவிடுவாய். முதலில் அழுதவளுக்கே நியாயம் என்பது நம் வீட்டுச் சட்டம். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் பெண்ணுக்குப் பெரியம்மாவின் அன்பு. அவளிடமாவது கூட்டங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாயா, அல்லது அவளுக்கும் செய்திமடல்தானா?

உன் அக்கா
(வியாதிக்குச் சொந்தக்காரி)


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேக்கரியின் பின்கட்டில், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். அழவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாதது என் தப்புத்தான். காதும் காதும் வைத்தாற்போல ஏதோ செய்யவேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. அவர் முழங்காலைக் காட்டப் போன இடத்தில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வலிப்பு உள்ளவர்களோ அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களோ ஆராய்ச்சியாளர்களுக்கு யோசனை சொல்ல வரலாம் என்று. கவனித்துக்கொண்டவர்கள் என்ற சொல்லைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அவர், "என்ன, பஸ்ஸை விடப் போறியா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். மறுநாள் தனியாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

அங்கே என்ன செய்கிறோம் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். நோயாளிகளுக்கு அனுப்பப்போகும் கேள்வித்தாளைப் படித்து எது புரிகிறது, எது புரியவில்லை என்று சொல்வோம். 'வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கத்தில் தொடங்கியது' என்று நோயாளியைக் கேட்டு ஒரு கேள்வி இருந்தது. நான் கையைத் தூக்கி, அது அவர்களுக்கு எப்படித் தெரியும், கூட இருந்தவரைத்தான் கேட்கவேண்டும் என்றேன். பெரிய டாக்டர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். நான் சொன்னதை, அக்கா. உன் பெயரையோ ஊரையோ நான் எங்கும் சொன்னதில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டாய். கூட்ட நாளில் எனக்குப் பாதிநாள் சம்பளம் போய்விடும், அதற்கு ஈடாகக்கூடக் காணாது. கூட்டம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் ஆளுக்கொரு கவர் கொடுப்பார். வேண்டாம் என்பவர்கள் வாசல் பக்கம் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். நான் போட்டதில்லை. கவரோடு வெளியே வந்து, எதிர்க் கடையில் சன்னலோரமாக உட்கார்ந்து ஒரு காபி குடிப்பேன். தனியாக. யாருக்கும் "உம்" சொல்லாமல், யாரையும் "அக்கா" என்று கூப்பிடாமல். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உனக்கு மனத்தாங்கல் இருந்தால் நீயும் வா. அடுத்த கூட்டத்துக்கு நோயாளிகள் தரப்பில் ஒருவரை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் உன்னைச் சொல்லத் தயங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

உன் வாலு


ஜூன் 18

அன்புள்ள வாலுக்கு,

வருகிறேன். ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டேன். தங்கமான குரல். என் வியாதியைப் பற்றி என்னிடமே கேட்டார், அதுவே எனக்குப் புதிது.

வெள்ளிக்கிழமை காலை ரயில். ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், பாதிநாள் சம்பளம் போய்விடும். (இது குத்தல் இல்லை. கொஞ்சம் குத்தல்தான்.) ஏன் தயங்கினாய் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் தெரியாமல் இல்லை.

எனக்கும் கழுத்தில் அட்டை உண்டா என்று விசாரித்து வை. நீலச் சேலையா, சாம்பல் நிறமா என்றும் சொல். படத்தில் நீ கட்டியிருந்த பச்சை எப்போது வாங்கியது? என்னிடம் காட்டவே இல்லையே.

உன் அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கித்தான் முதல் தாளை எழுதினேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

நீ வந்துபோனது முதல் இங்கே யாரும் வேறு எதையும் பேசவில்லை. உங்க அக்கா எப்படிப் பேசறாங்க, உங்க அக்காவுக்கு என்ன தைரியம், உங்க அக்கா மறுபடி எப்ப வருவாங்க. அந்த அறையில் நான் நுழைந்த முதல் நாளில் நீங்கள் யார் என்று கேட்டார்கள். பேக்கரிக்காரி என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் பேக்கரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்க்கையிலேயே நான் அக்காவின் தங்கையாக இல்லாத ஒரே அறை அது. ஒரே பிற்பகலில் அதையும் எடுத்துக்கொண்டாய். கல்யாண வீடு என்றால் நீதான் மாப்பிள்ளை, சாவு வீடு என்றால் நீதான் பிணம். எப்போதுமே அப்படித்தான்.

நீ நன்றாகப் பேசினாய். அதில் எனக்கு எரிச்சல் இருக்கிறது, ஆனால் புகார் இல்லை. கவரைப் பற்றித்தான் புகார். வேண்டாம் என்றால் போகிறபோக்கில் பெட்டியில் போட்டிருக்கலாம். நீ எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கக் கவரை உயர்த்திப் பிடித்து, "என் வலிக்கு நான் விலை வாங்குறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போட்டாய். கைதட்டினார்கள். தட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியருகில் வந்தபோது அவர்கள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மகனுக்கு வலிப்பு வரும் என்று வருகிறாரே அந்த இரவுக் காவலாளி, அவர் கவரைச் சட்டைப் பையில் பாதி நுழைத்திருந்தார். வெளியே எடுத்துப் போட்டார். வீட்டு வேலை செய்யும் அந்த அம்மாள் இரண்டு வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். அவளும் போட்டாள். கடைசியில் நானும் போட்டேன். நீ என் தோளைத் தட்டிக் கொடுத்தாய்.

நேற்று அடுத்த கூட்டம். காவலாளி வரவில்லை. அந்த அம்மாளும் வரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் வெற்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு கேள்வித்தாளைப் படித்தார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாளாம் என்பது உனக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாற்காலிதான் என்பது குழுவின் விதி. நிரந்தர உறுப்பினராக நீ இருப்பாயா என்று கேட்டு உனக்கு எழுதப்போவதாக ஒருங்கிணைப்பாளர் என்னிடம் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அனுபவித்தவரே சொல்வது வேறுதானே என்றார். நானும் ஆமாம் என்றேன்.

எனக்குப் பொறாமை, அக்கா. சின்ன வயதிலிருந்து. உனக்கு வலிப்பு வந்தால் அம்மா, அப்பா, அடுத்த வீடு எல்லாம் உன்னைச் சுற்றி ஓடி வரும். எல்லாம் முடிந்து நீ தூங்கிய பிறகு அந்த மணையை எடுத்து வைக்கும் ஆள் நான். கை நடுங்கும். ஒருவரும் என்ன என்று கேட்டதில்லை. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்ததற்கு முதல் தடவையாக ஒரு மனுஷி நன்றி சொல்லி என் கையில் எதையோ வைத்தாள். அதைத்தான் நீ பெட்டியில் போடவைத்தாய்.

நாற்காலியை நீயே வைத்துக்கொள்.

தங்கை


ஜூலை 15

அன்புள்ள வாலுக்கு,

பெருந்தன்மையாக நடந்தால்கூடத் தப்பா? எனக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று தோன்றியது, போட்டேன். மற்றவர்களைப் போடச் சொன்னேனா? காவலாளி வராததற்கு அவருக்கு வேறு காரணம் இருக்கலாம்.

ஒருங்கிணைப்பாளரின் கடிதம் வந்திருக்கிறது. 'உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் தேவை' என்று எழுதியிருக்கிறார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். இன்னும் பதில் போடவில்லை.

கோபம் தணிந்தால் எழுது. தணியாவிட்டாலும் எழுது.

உன் அக்கா

பி.கு: தோளைத் தட்டியது பாராட்டுவதற்காகத்தான். உன் முகம் போன போக்கைப் பார்க்காமல் இல்லை. உன்னைவிட நான் ஒரு படி மேலே நிற்பதுபோல அப்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாலுக்கு,

நீ எழுதவில்லை. நான் பாட்டுக்கு எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் எனக்கு வந்துவிட்டது. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறேன், டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். ரொம்ப நாளாக வராமல் இருந்ததால் அது என்னை மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மறுநாள் பாடத்துக்குப் பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு தரையில் கிடந்தேன். நடுவில் எதுவும் இல்லை. சாக்பீஸ் கைக்கடியில் நொறுங்கிக் கிடந்தது, நாக்கில் ரத்தச் சுவை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

டாக்டர் வழக்கம்போல எனக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். கூட யாரும் வரவில்லையா, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை முதலில் என்று கேட்டார். பக்கத்தில் ஆள் இல்லை என்றதும் சீட்டில் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் குழுவின் கேள்வித்தாள் தபாலில் வந்து கிடந்தது. முதல் பக்கம் முழுக்க நானே நிரப்பினேன். புரட்டினால் இரண்டாம் பக்கத்தின் தலைப்பில், 'உடன் இருந்தவர் நிரப்ப வேண்டியது' என்று இருந்தது. நீ கையைத் தூக்கிக் கேட்ட பக்கம். அதில் ஒரு வரியைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை, வாலு. என் வியாதிதான். என் உடம்புதான். பேனாவோடு உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு என்மேல் பொறாமை என்று எழுதினாய். இப்போது என் முறை. உன் படம் வந்ததற்கோ கவர் வாங்கியதற்கோ எனக்கு வயிறு எரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் மேலோட்டம். என் வலிப்பை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நீ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்திலிருந்தே டாக்டர்கள் என்னைத் தாண்டி உன்னைத்தான் பார்ப்பார்கள். பாவாடை கட்டின பொடிசு நீ, கைகட்டி நின்று கடகடவென்று சொல்வாய். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்பேன். "ஒண்ணுமில்லக்கா" என்பாய். என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னதை முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறையில் சொன்னாய், அவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

சரி, செய்ததைச் சொல்கிறேன். ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டேன். அந்த நாற்காலி பேக்கரியம்மாவுடையது என்று. நோயாளியின் தங்கை என்பதற்காக இல்லை, கதவுக்கு வெளியே உட்கார்ந்தவளும் அனுபவித்தவள்தான் என்பதற்காக. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாற்காலி என்றால் எங்கள் குடும்பத்தின் நாற்காலி அதுதான் என்று எழுதினேன். எழுதும்போது கை கூசியது. 'உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் தேவை' என்ற வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன். நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

அதோடு என் கவரையும் திருப்பிக் கேட்டேன். பெட்டியில் போட்டதைத் திரும்பக் கேட்பதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா? கேட்டேன். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக்காட்டச் சொன்னேன். அந்தத் தகரப் பெட்டியை எடுத்துவிடுங்கள், வேண்டாதவர்கள் போனில் சொல்லிக்கொள்ளட்டும், யார் வாங்கினார் யார் வாங்கவில்லை என்பது அடுத்தவருக்குத் தெரியவேண்டாம் என்றும் எழுதினேன். காவலாளி வீட்டுக்கும் அந்த அம்மாள் வீட்டுக்கும் ஒருங்கிணைப்பாளரே நேரில் போயிருக்கிறார். காவலாளி வருகிறேன் என்றாராம். அந்த அம்மாள் யோசிக்கிறாள். அது என்னால் வந்த வினை, அவள் யோசிக்கட்டும்.

கவர் நேற்று வந்தது. பிரிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இது உனக்குப் பரிசும் இல்லை, சமாதானமும் இல்லை. நானும் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறேன். எனக்கு என்ன வருகிறது, அப்போது நான் எப்படி இருப்பேன் என்பதுதான் தலைப்பு. பார்த்தவர்களில் மிஞ்சியவள் நீ ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நேரில் வந்து எனக்குச் சொல்லவேண்டும். நல்லது கெட்டது எதையும் விடக்கூடாது. இடையில் நீ அழுதால் நியாயம் உனக்குத்தான், சம்மதம். உன் கை நடுங்கியதையும் சொல். நான் கேட்கிறேன்.

உன் பாதிநாள் சம்பளத்துக்கு இது காணாது. ஆனால் கவரைத் திருப்பி வைக்க என் வீட்டில் பெட்டி கிடையாது.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் கிடைத்தது. பிரித்தேன், செலவழித்தும் ஆயிற்று. சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மீதியில் ஸ்டேஷனில் ஒரு காபி குடிப்பேன். அது தனியாகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலியை நீ விட்டுக்கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. அது முன்பே என்னுடையது. உன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தபோது மறுபடியும் எல்லோரும் உன்னைத்தான் பாராட்டினார்கள். எனக்கு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலாளி மட்டும் தன் கவரைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அடுத்த கேள்வியைப் படிங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். படித்தேன்.

தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு குளிக்காதே. நான் வரும்வரையாவது.

மற்றதையெல்லாம் நேரில் சொல்கிறேன். எந்தக் கை, எவ்வளவு நேரம், எல்லாம். இதுவரை டாக்டரிடமோ அம்மாவிடமோ குழுவிலோ நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் உடைந்துவிடுவேன்.

ஒவ்வொரு தடவையும் வருவதற்கு முன்னால், கண் நிலைகுத்துவதற்கு ஒரு நொடி முன்னால், நீ திரும்பி என்னைத் தேடுவாய். அறையில் எத்தனை பேர் இருந்தாலும் என்னைத்தான். வாய் திறக்கும், என்னைக் கூப்பிடப்போவதுபோல. கூப்பிடமாட்டாய், அதற்குள் போய்விடுவாய். அதனால்தான் நான் எங்கும் விளையாடப் போனதில்லை. நீ தேடும்போது நான் அங்கே இருக்கவேண்டும் என்று.

அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அக்கா. எந்தக் கவருக்கும்.

உன் வாலு